ஒரு வரி விட்டுச் சொன்ன ஜெபம்

என் தங்கச்சிக்கு அக்கா எழுதிக்கொண்டது.

கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். உன் சுகம் எப்படி என்று கேட்க மாட்டேன். உன் மகன் போன வாரம் திங்கட்கிழமை போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். பன்னிரண்டாம் தேதி ஆபரேஷன், நெஞ்சைத் திறந்து செய்வது, வயசும் சர்க்கரையும் இருப்பதால் டாக்டர் உறுதி சொல்லவில்லை, எல்லாம் தெரியும். அவனைத் திட்டாதே. பெரியம்மாவுக்குச் சொல்லாதேன்னுதான் அம்மா சொன்னாங்க, எனக்குத்தான் மனசு கேக்கலை என்றான். பிள்ளை நல்லவன். உன்னை மாதிரி இல்லை.

இருபத்தாறு வருடம் கழித்து இவளிடமிருந்து கடிதமா என்று திடுக்கிடாதே, திடுக்கிடுகிற நிலைமையில் நீ இல்லை. உட்கார்ந்து படி. எழுத்து கோணல்மாணலாக இருக்கும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், நீ எட்டு படித்தவள். அந்த மூன்று வகுப்பை நீ என்னிடம் நான்கு தடவை சொல்லிக் காட்டியிருக்கிறாய். எந்தெந்த நாள், யார் யார் இருந்தார்கள் என்றுகூட என்னால் சொல்ல முடியும். சொல்லவில்லை.

போன்ல பேசிட்டா அஞ்சு நிமிஷ வேலை அத்தை, எதுக்கு நாலு நாளா பேப்பரும் கையுமா உக்காந்திருக்கீங்க என்று மருமகள் கேட்டாள். போனில் என்றால் நான் கத்திவிடுவேன். கடிதத்தில் கத்தினால் கைதான் வலிக்கும். மருமகளைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை என் கனத்த சட்டியை அடுப்பில் வைத்துவிட்டுக் கதை பேசப் போய் அடியோடு கருக்கினாள். அது ஒன்றுதான். மகன் லிப்ட் ரிப்பேர் வேலையில்தான் இருக்கிறான். ஊரையெல்லாம் மேலே ஏற்றி இறக்குகிறவனுக்குச் சொந்த வீட்டில் ஒழுகுகிற குழாயை இறுக்க நேரம் இல்லை. பேத்தி கல்லூரிக்குப் போகிறாள். எனக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்து வேலை முடிந்து பதினோரு வருடம் ஆகிறது. முட்டி இரண்டும் மழை வருவதற்கு முன்னால் சொல்லிவிடும். மற்றபடி சாகிற மாதிரி ஒன்றும் இல்லை.

நான் இந்தக் கடிதத்தை உன் ஆபரேஷனைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அது சொன்னால்தான் இது புரியும். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

சபையில் எல்லாரும் சேர்ந்து சொல்லுகிற ஜெபம் இருக்கிறதே, அம்மா நமக்குப் பல் விளக்குகிற வயசிலேயே சொல்லிக்கொடுத்தது, அதில் ஒரு வரியை நான் இருபத்தாறு வருடமாகச் சொல்வதில்லை. எங்களுக்குத் தப்பு செய்தவர்களை நாங்கள் மன்னிக்கிற மாதிரி எங்களையும் மன்னியும் என்று வருமே, அந்த இடம். அந்த இடம் வந்ததும் வாயை மூடிக்கொள்வேன். மற்றவர்கள் சொல்லி முடித்ததும் அடுத்த வரியில் சேர்ந்துகொள்வேன். ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கித் திரும்ப ஏறுகிற மாதிரி. யாருக்கும் தெரியாது. கடவுளிடம் போய் நான் பொய் சொல்ல மாட்டேன் என்பதுதான் என் நியாயம். உன்னை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிறேன் என்று அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? இந்த ஒரு விஷயத்தில் சபையிலேயே யோக்கியமானவள் நான்தான் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

போன வருடம் எங்கள் சபைக்கு ஒருத்தி புதிதாக வந்தாள். திரைச்சீலை தைக்கிற கடையில் வேலை. ஒல்லியாக இருப்பாள், பேச்சும் சுருக்கென்று குத்தும். அதனால் எல்லாரும் அவளை ஊசி என்றே கூப்பிடுகிறார்கள், அவளும் ஏன் என்று கேட்பதில்லை. அவளுக்குப் பக்கத்தில் கட்டையாக, வழுக்கை விழுந்த ஒரு ஆள் உட்காருவான். பாட்டு நம்பர் சொன்னதும் இவள் அவனுக்குப் பக்கத்தைத் திருப்பிக் கொடுப்பாள், அவனுக்குக் கண் அவ்வளவு தெரியாது. அண்ணன் தங்கச்சி என்று நினைத்தேன். பிறகுதான் கேள்விப்பட்டேன். சைக்கிளில் போன ஊசியின் புருஷனைச் சரக்கு வண்டி ஏற்றிக் கொன்ற டிரைவர் அவன். தூங்கிக்கொண்டே ஓட்டியிருக்கிறான். ஜெயிலுக்குப் போய் வந்து, வேறு எங்கேயும் போக முகம் இல்லாமல், இவளையே தேடி வந்து வாசலில் நின்றானாம். இவள்தான் சபைக்குக் கூட்டி வந்தாளாம்.

தங்கச்சி, நானாக இருந்தால் அந்தப் பாட்டுப் புத்தகத்தாலேயே அவன் மண்டையில் ஒன்று போட்டிருப்பேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்கமே கேட்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கேயாவது ஒரு இடத்தில் பல்லைக் கடிப்பாள், அப்போது பிடித்துவிடலாம் என்று. கடிக்கவே இல்லை. ஒரு தடவை அவன் தவறான பக்கத்தைப் பார்த்து வேறு பாட்டை எடுத்துவிட்டான், இவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு என்னைத் தூங்க விடவில்லை. கோபம் அவளுக்குள் இல்லையென்றால் அது எங்கே போனது? பொருள் என்றால் ஏதாவது ஒரு இடத்தில் இருக்கத்தானே வேண்டும்?

நேராகவே போய்க் கேட்டேன். உனக்கு நிஜமாவே வலிக்கலையாடி என்று. வலிக்குதுக்கா, ஏன் வலிக்காது, எங்க வீட்டுக்காரர் சட்டையைப் பார்த்தா இன்னைக்கும் வலிக்குது, ஆனா இவர் மேல வலிக்கலை என்றாள். அது எப்படி என்றேன். தெரியலையே என்றாள். நான் செய்யலைக்கா, என்னால முடியலைன்னு மட்டும்தான் சொன்னேன், முடியலை முடியலைன்னு ரெண்டு வருஷம் கர்த்தர்கிட்டயே சொல்லிட்டு இருந்தேன், ஒரு நாள் பார்த்தா இறங்கியிருந்துச்சு என்றாள். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, நீங்க அந்த வரியில மட்டும் ஏன்க்கா மூச்சு வாங்குறீங்க என்று கேட்டாள். பார்த்தாயா, இருபத்தாறு வருடம் எவர் கண்ணிலும் படாததை, வந்து ஆறு மாதத்தில் கண்டுபிடித்துவிட்டாள். நான் என் நியாயத்தைச் சொன்னேன். பொய் சொல்ல மாட்டேன் என்று. சரிதான்க்கா, கடவுளும் உங்களை மாதிரியே நியாயமா இருந்தா நம்ம கதி என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். ஊசி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்.

போதகரிடமும் கேட்டேன். வயசில் சின்னவர், அங்கிக்குக் கீழே ஓட்டப்பந்தயக்காரன் மாதிரி ஷூ போட்டிருப்பார். மன்னிச்சா மறக்கணுமா ஐயா, எனக்கு மறதிங்கிறதே கிடையாது, அப்ப எனக்கு மன்னிப்பும் வராதா என்று கேட்டேன். அவர் வசனம் எடுத்து விடுவார் என்று நினைத்தேன். தலையைச் சொறிந்துவிட்டு, எனக்கும் முழுசாத் தெரியலைம்மா, ஆனா இயேசு உயிரோட எழுந்து வந்தப்பவும் அவர் கையில ஆணித் தழும்பு இருந்துச்சே, அதை அழிச்சிட்டு வரலையே என்றார். தழும்பு இருந்ததாம், ரத்தம் இல்லையாம். இதை நான் எத்தனை ஈஸ்டருக்குக் கேட்டிருக்கிறேன், இப்படிக் கேட்டதில்லை. நிஜமாகவே எழுந்தாரா என்று சந்தேகப்பட்ட சீஷன் தோமாவை இயேசு ஒரு அதட்டு அதட்டியிருக்கலாம். தொட்டுப் பார் என்று கையை நீட்டினார். அப்போது கேள்வி கேட்கிறவர்களை அவருக்குப் பிடிக்கும் என்று தெரிந்துகொண்டேன். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

இந்த நேரத்தில்தான் உன் மகன் போன் செய்தான்.

அம்மா சொல்லாதேன்னு சொன்னாங்க என்று அவன் சொன்னதும் எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. ஏண்டா, உங்கம்மாவும் கண்ணை மூடின பிறகுதான் எனக்கு ஆளனுப்புவாளாமா என்று கத்தினேன். கத்தின வாய் அப்படியே நின்றுவிட்டது. போனில் அவன் பெரியம்மா, பெரியம்மா என்கிறான், எனக்குக் காதில் விழவில்லை. கண்ணை மூடின பிறகு. இந்தச் சொல்லை நான் முன்னால் எங்கேயோ சொல்லியிருக்கிறேன்.

என் ஞாபகத்தைப் பற்றி உனக்குத் தெரியும். அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்று உன் வீட்டில் பேசின நாள் எனக்கு நேற்று மாதிரி. நான் பின்பக்க அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, அம்மா கால் தரையில் படுகிற மாதிரி தாழ்ந்த கட்டிலாகப் பார்த்து வாங்கிப் போட்டுவிட்டு வந்திருந்தேன். அம்மா யோசித்துக்கொண்டிருந்தாள். அப்போது நீ சொன்னாய், அக்கா வீட்டுக்குப் போனா அம்மாவையும் துவைச்சுப் பிழிஞ்சு காயப்போட்டுடுவா என்று. எல்லாரும் சிரித்தார்கள். உன் புருஷன் சிரித்தார், எதிர் வீட்டுக்காரி சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். நீ சொன்னதை விட எனக்கு வலித்தது அதுதான். அம்மா சிரித்தாள்.

இது வரைக்கும் ஒரு எழுத்து மாறாமல் இருபத்தாறு வருடம் வைத்திருந்தேன். இதற்கு அடுத்தது அந்த வருட மழைக்காலம். அம்மா உன் வீட்டில் நான்கு நாள் படுக்கையில் இருந்தாள், நீ சொல்லி அனுப்பவில்லை. ஐந்தாம் நாள் ஆள் வந்தான், எல்லாம் முடிந்துவிட்டது என்று. நான் வேலை உடுப்போடு ஓடிவந்தேன். பெட்டியை மூடி ஆணி அடித்துவிட்டார்கள். திறங்க, ஒரு தரம் திறங்க என்று கெஞ்சினேன். மழை ஏறிக்கொண்டு வருது, குழி நிறைஞ்சிடும் என்று யாரோ சொன்னார்கள். கல்லறை வாசலில் நீ என் கையைப் பிடித்து, அக்கா, நீதானே என்று ஆரம்பித்தாய். நான் உதறிவிட்டு ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினேன். நீதானே லேட்டா வந்தே என்றுதான் சொல்ல வந்திருப்பாய் என்று முடிவு செய்துகொண்டேன். அந்தச் சொல்லை நீ சொல்லவே இல்லை, நானே சொல்லி, நானே கேட்டு, நானே எரிந்துகொண்டிருந்தேன்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் நடுவில் விட்டுப்போனது மேலே வந்தது. சிரிப்புக்கும் மழைக்காலத்துக்கும் நடுவில் உன் வீட்டு மாடிப்படி இருக்கிறது. நான் பாதிப் படி இறங்கித் திரும்பி நின்று கத்தினேன். இனிமே இந்தப் படி ஏற மாட்டேன், காய்ச்சல் தலைவலின்னு எவனும் என் வாசலுக்கு வரக்கூடாது, அவ கண்ணை மூடினா மட்டும் ஆளனுப்பு என்று. அம்மாவுக்கும் கேட்கட்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகச் சொன்னேன். நீ படியின் மேலே நின்று கேட்டுக்கொண்டிருந்தாய், உன் கையில் அம்மாவின் மருந்துச் சீட்டு இருந்தது.

சொன்னபடியே செய்தாய். நீதானே சொன்னே என்றுதான் அன்றைக்குச் சொல்ல வந்தாய், இல்லையா?

தங்கச்சி, நான் உனக்கு இப்போது சமாதானம் சொல்லவில்லை. ஒரு ஆத்திரக்காரி படியில் நின்று கத்தியதை அரசாங்க உத்தரவு மாதிரி எடுத்துக்கொண்டு நான்கு நாள் நீ சும்மா இருந்தது தப்பு. பெரிய தப்பு. கூடப் பிறந்தவளுக்கு அக்காவின் வாய் எது, மனசு எது என்று தெரிய வேண்டாமா? இதை நான் குறைக்கவில்லை. போதகர் சொன்னாலும் குறைக்க மாட்டேன். ஆனால் இப்போது ஒன்று புரிகிறது. தப்பே இல்லாததை மன்னிக்க என்ன இருக்கிறது? தப்பாக இருப்பதால்தான் அந்த வரி வேண்டியிருக்கிறது. எனக்கும் வேண்டியிருக்கிறது. அம்மா உள்ளே உட்கார்ந்து என் கத்தலைக் கேட்டிருப்பாள். அதற்கு நான் எவரிடம் போவது?

வியாழக்கிழமை சபையில் மேசைத் துணியை மாற்றுகிற முறை என்னுடையது. அந்த நீள வெள்ளைத் துணியை ஒருத்தியால் மடிக்க முடியாது, தரையில் படும். ஊசி மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். நீளமாகப் பிடித்து, உதறி, இரண்டு பேரும் முனையோடு முனை சேர்க்க ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடக்க வேண்டும், உனக்குத் தெரியுமே, நீயும் நானும் அம்மாவின் சேலையை அப்படித்தான் மடிப்போம். மடிக்கும்போது அவள் வழக்கம்போல முணுமுணுவென்று ஜெபம் சொல்ல ஆரம்பித்தாள், நானும் சேர்ந்துகொண்டேன். அந்த வரி வந்தது. நான் வாயை மூடினேன். அவளும் மூடிக்கொண்டாள்.

வேண்டுமென்றே செய்தாள் பாவி. அந்தப் பெரிய கட்டிடத்தில் ஒரு சத்தமும் இல்லை. இத்தனை வருடம் மற்றவர்கள் சத்தத்தில் என் மௌனம் எனக்கே கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டது. அவள் துணியின் முனையைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், பஸ்ஸுக்கு நேரமானாலும் பரவாயில்லை என்கிற மாதிரி. என்னால முடியலை என்று சொன்னேன், அவளிடம் இல்லை. அதையே இன்னொரு தரமும் சொன்னேன். பிறகு அந்த வரியைச் சொன்னேன். பாதியில் விட்டுவிட்டு, திரும்ப முதலிலிருந்து சொன்னேன். தப்பு செய்தவர்களை என்று வரும் இடத்தில் உன் முகத்தை வைத்துச் சொன்னேன். எங்களை என்று வரும் இடத்தில் மாடிப்படியில் நிற்கிற என்னை வைத்துச் சொன்னேன்.

வானம் திறக்கவில்லை. வெளிச்சம் வரவில்லை. அழுகைகூடக் கொஞ்சம்தான் வந்தது, அதுவும் துணியில் பட்டுவிடக் கூடாதே என்று துடைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன், குழாய் அப்படியேதான் ஒழுகிக்கொண்டிருந்தது. ஆனால் சாயங்காலம் உட்கார்ந்து, வலித்த பல்லை நாக்கால் தொட்டுப் பார்க்கிற மாதிரி, அந்த மழை நாளைத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. பெட்டி, ஆணி, மழை, உன் கை. ஒன்றுகூட மறக்கவில்லை. ஆனால் கடிக்கவில்லை. எனக்கே ஆச்சரியம். இன்னொரு தரம் தொட்டேன். அப்போதும் கடிக்கவில்லை.

முழுசாகக் குணமாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். சனிக்கிழமை பீரோவைத் துடைக்கும்போது அந்த மூன்று வகுப்பு ஞாபகம் வந்து உன் மேல் சுள்ளென்று கோபம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஊசியிடம் சொன்னேன், போச்சுடி, திரும்ப வந்திடுச்சு என்று. தினமும் துவைக்கணும்க்கா, ஒரு தரம் துவைச்சா போதும்னா முப்பது வருஷம் உங்களுக்கு வேலை கிடைச்சிருக்குமா என்றாள். அன்றைக்கு ஜெபத்தில் அந்த வரியை எல்லாரோடும் சேர்ந்து சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, டிரைவர் திரும்பிப் பார்த்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கோபமாக இருந்த வரைக்கும் எனக்குக் கேள்வி என்று ஒன்றுமே இருந்ததில்லை. எல்லாம் எனக்குத் தெரியும். நீ கல் நெஞ்சுக்காரி, அவ்வளவுதான், கதை முடிந்தது. இப்போது ஒரு வாரமாகக் கேள்வியாக வருகிறது. அந்த நான்கு நாள் அம்மாவுக்கு என்ன கொடுத்தாய்? கஞ்சி இறங்கியதா? தலை சீவிவிட்டது யார், நீயா? எந்தச் சேலையைக் கட்டினீர்கள்? அவளுக்குப் பிடித்த நீலத்தையா? அந்த நான்கு நாளும் நீ தனியாக எப்படிச் சமாளித்தாய்? உன் பிள்ளைக்கு அப்போது ஏழு வயசு. ஆளனுப்பலாமா வேண்டாமா என்று ஒரு தரமாவது படி வரைக்கும் வந்து திரும்பினாயா? உனக்கும் அன்றைக்கு அம்மா போய்விட்டாள் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. நான் மட்டும்தான் அனாதை ஆனேன் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நான் பத்தாம் தேதி காலை வண்டியில் வருகிறேன். என் மகன் டிக்கெட் எடுத்துவிட்டான். மத்தியானம் உன் வீட்டில் இருப்பேன், உன்னை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு முன்னால். வராதே என்று உன் மகனை விட்டுச் சொல்லாதே. நான் ஒரு தரம் சொன்னதை நீ அப்படியே கேட்டு நாம் பட்டது போதும். நீ வராதே என்றால் நான் கேட்க மாட்டேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

உன் பழைய பெட்ஷீட், தலையணை உறை எல்லாவற்றையும் எடுத்து வை. ஆஸ்பத்திரிக்கு எது கொண்டுபோவது, எப்படித் துவைப்பது என்று எனக்குத் தெரியும். உன் மருமகள் மூக்கைச் சுளித்தால் சுளிக்கட்டும்.

டாக்டர் உன் நெஞ்சைத் திறக்கும்போது கர்த்தர் அவர் கைக்கு மேல் தம்முடைய கையை வைத்திருப்பாராக. உன் மூச்சை எண்ணி, ஒன்றும் குறையாமல் திரும்ப உன்னிடமே கொடுப்பாராக. நான் தினமும் கேட்கிறேன், ஒரு வரியும் விடாமல்.

மேலே எழுதினதற்கெல்லாம் பதில் நீ மெதுவாகச் சொல்லலாம். எழுதாத கேள்வி ஒன்று இருக்கிறது. அம்மாவின் கடைசி நாளைப் பற்றியது. மூன்று தரம் எழுதி மூன்று தரமும் அடித்துவிட்டேன், தாளைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். அதை உன் பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்க முடியும், பதில் சொல்ல உலகத்தில் உன்னை விட்டால் வேறு ஆள் இல்லை. அதனால் நீ இருக்க வேண்டும். பன்னிரண்டாம் தேதிக்குப் பிறகும் இருக்க வேண்டும்.

மணி அடித்தால் எழுந்து வராதே. நீ அசையக் கூடாது. கதவைத் தாழ் போடாமல் சாத்தி மட்டும் வை. நானே படியேறி வருகிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா